வாசலோடு நின்றுவிடும் சிக்னல்

செல்பேசியில் பேச்சு அறுந்துபோனால் ‘டவர் எடுக்கவில்லை’ என்று சொல்வது தமிழ்நாட்டில் பேச்சு வழக்காகவே நிலைத்துவிட்டது. அப்படிச் சொல்லப்படும் எத்தனையோ வீடுகளில், வாசற்படியைத் தாண்டித் தெருவில் நின்றாலும் மொட்டை மாடிக்கு ஏறினாலும் அதே செல்பேசி தடையில்லாமல் பேசுகிறது என்பதைக் கருதினால், அந்த வழக்கு பழியைத் தவறான இடத்தில் சுமத்துகிறது என்பது விளங்கும். கோபுரம் தன் அலையை வாசல்வரை கொண்டுவந்து சேர்த்துவிட, அதைக் கூடத்துக்குள் விடாமல் நிறுத்துவது வீடே. ஒரு காலத்தில் இது சிறிய வசதிக்குறைவாக மட்டுமே இருந்தது. இன்றோ வங்கிக் கணக்கிலிருந்து பணம் அனுப்பவும், எரிவாயு உருளை கொண்டுவருபவரிடம் சொல்ல வேண்டிய எண்ணைப் பெறவும், அரசுச் சேவைக்கு விண்ணப்பிக்கவும் ‘ஓடிபி’ எனப்படும் ஒருமுறைக் கடவுச்சொல் அந்தச் செல்பேசிக்கே வந்தாக வேண்டியிருக்கிறது. தரைவழித் தொலைபேசியை எடுத்துவிட்ட வீட்டில் தனித்திருக்கும் முதியவர், நள்ளிரவில் நெஞ்சு வலித்தால் உதவிக்கு அழைக்க வேறு கருவியும் இல்லை. ஆகவே அலை எங்கே தடைபடுகிறது, எவ்வளவு தடைபடுகிறது, சட்டத்துக்கு உட்பட்டு அதை எப்படி உள்ளே கொண்டுவரலாம் என்பவை ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டிய செய்திகள் ஆகின்றன.

முதலில் அலையின் வலிமையை அளக்கும் முறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். திரையின் மேல் மூலையில் தெரியும் கோடுகளை அளவுகோலாகக் கொள்ள முடியாது. எந்த வலிமைக்கு எத்தனை கோடு காட்டுவது என்பதைச் செல்பேசி செய்யும் நிறுவனங்கள் தத்தம் விருப்பப்படி முடிவு செய்துகொள்வதால், ஒரு கருவி காட்டும் மூன்று கோடும் மற்றொன்று காட்டும் இரண்டு கோடும் ஒரே வலிமையைக் குறிக்கலாம். பொறியாளர்கள் பயன்படுத்தும் அலகு டிபிஎம் எனப்படும். ஒரு மில்லிவாட் திறனைச் சுழியம் என்று வைத்துக்கொண்டு, அதற்கு மேலும் கீழும் டெசிபல் கணக்கில் எண்ணுவதே இந்த முறை. செல்பேசியை வந்தடையும் திறன் ஒரு மில்லிவாட்டில் கோடியில் ஒரு பங்கைவிடவும் குறைவாக இருப்பது சாதாரணம் என்பதால், அது −85, −110 என்று கழித்தல் குறியோடே எழுதப்படுகிறது. இந்தக் கணக்கில் ஒரு நுட்பம் உண்டு: 3 டெசிபல் குறைந்தால் திறன் பாதியாகிறது, 10 குறைந்தால் பத்தில் ஒரு பங்காகிறது, 20 குறைந்தால் நூறில் ஒரு பங்காகிறது. 4ஜி அலையில் −80க்கு அருகில் எண் இருந்தால் குறை சொல்ல ஒன்றுமில்லை. −100 அளவிலும் பேச்சு நடக்கும். −110ஐத் தாண்டினால் தடுமாற்றம் தொடங்கும். −120ஐ நெருங்கினால் சேவை ஏறக்குறைய இல்லை என்றே கொள்ளலாம். தெருவில் −80 காட்டிய கருவி உள்ளறையில் −120 காட்டுமானால், பதினைந்து இருபது அடி நடப்பதற்குள் அலை பத்தாயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிட்டது என்று பொருள்.

அந்தத் தேய்மானம் நிகழ்வது பெரும்பாலும் சுவரில்தான். செல்பேசித் தொழில்நுட்பத்துக்கான உலகத் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி என்ற கூட்டமைப்பு, கட்டடப் பொருள்கள் அலையை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணக்கிடுவதற்கென எளிய சூத்திரங்களை வகுத்திருக்கிறது. கான்கிரீட் சுவருக்கு அது சொல்வது, அலையின் அதிர்வெண்ணைக் கிகாஹெர்ட்ஸ் அலகில் எடுத்து நான்கால் பெருக்கி ஐந்தைக் கூட்டினால் இழப்பு டெசிபலில் கிடைக்கும் என்பது. அதிர்வெண் என்பது அலை ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்ற எண்ணிக்கை. 700 மெகாஹெர்ட்ஸ் அலை நொடிக்கு 70 கோடி முறையும், 3.5 கிகாஹெர்ட்ஸ் அலை 350 கோடி முறையும் துடிக்கின்றன. சூத்திரத்தின்படி முன்னது ஒரு கான்கிரீட் சுவரைக் கடக்கையில் ஏறத்தாழ 8 டெசிபல் இழந்து ஆறில் ஒரு பங்காகிறது. பின்னது 19 டெசிபல் இழந்து எண்பதில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. இரண்டு சுவர்கள் குறுக்கிட்டால் முன்னதில் முப்பத்தாறில் ஒரு பங்கேனும் மிஞ்ச, பின்னதில் ஆறாயிரத்தில் ஒரு பங்குதான் மிஞ்சுகிறது.

இந்தியாவில் 2022 அக்டோபர் 1 அன்று தொடங்கப்பட்ட 5ஜி சேவையின் முதன்மையான அலைவரிசை இந்த 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டியதே. வேகமான தரவுக்கு அது ஏற்றது. சுவரைத் துளைப்பதில் அது பின்தங்கியது. நான்காம் தலைமுறைச் சேவை 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் எனப் பல அலைவரிசைகளில் நடக்கிறது. இவற்றுள் எது எந்த நிறுவனத்திடம் எவ்வளவு இருக்கிறது என்பது தொலைத்தொடர்பு வட்டத்துக்கு வட்டம் வேறுபடும். சுவரைக் கடப்பதில் சிறந்ததாகிய 700 மெகாஹெர்ட்ஸை 2022 ஏலத்தில் வாங்கிய தனியார் நிறுவனம் ஜியோ ஒன்றே. அரசு நிறுவனமான பி.எஸ்.என்.எல்.லுக்கு அந்த அலைவரிசை அரசால் ஒதுக்கப்பட்டது. ஒரே தெருவில், ஒரே வீட்டில், ஒரு நிறுவனத்தின் சிம் உள்ளறையிலும் பேச, மற்றொன்று கூடத்திலேயே மௌனமாகிவிடுவதற்குக் கோபுரத்தின் தொலைவு ஒரு காரணம் என்றால், வந்துசேரும் அலைவரிசை மற்றொரு காரணம்.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் தனியாகக் கருத வேண்டும். மைக்கேல் ஃபாரடே 1836இல் உலோகத்தால் சூழப்பட்ட அறைக்குள் வெளி மின்புலம் நுழைவதில்லை என்று செய்து காட்டினார்; சூழ்ந்திருப்பது முழுத் தகடாக இல்லாமல் வலையாக இருந்தாலும், அதன் கண்கள் அலையின் நீளத்தைவிட மிகச் சிறியவையாக இருக்கும்வரை, அது தகட்டைப் போலவே அலையைத் திருப்பி அனுப்பும். வீட்டுத் தளத்துக்குச் சென்ட்ரிங் அடித்துக் கட்டப்படும் கம்பிகள் ஆறங்குலம், அதாவது சுமார் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாக அமைவது வழக்கம். 900 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 33 சென்டிமீட்டர். அதற்கு இந்தக் கண் குறுகலான வழி. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளமோ எட்டரை சென்டிமீட்டர்தான்; அது கண்ணுக்குள் புகுந்துவிடும், ஆனால் கம்பிகளைச் சூழ்ந்திருக்கும் கான்கிரீட்டும் அதில் தங்கிய ஈரமும் அதை உறிஞ்சிவிடும். இவ்வாறு நீண்ட அலையைக் கம்பியும் குறுகிய அலையைக் கான்கிரீட்டும் பங்கிட்டுத் தடுக்கின்றன. மரச்சட்டத்தின்மேல் நாட்டு ஓடு வேய்ந்த பழைய வீடுகளில் செங்கல் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் கூரை வழியே அலைக்குப் பாதை இருந்தது. தூண், உத்தரம், தளம், தண்ணீர்த் தொட்டி என எல்லாப் பக்கமும் கம்பி பின்னிய இன்றைய வீட்டில் அலைக்கு எஞ்சியிருக்கும் வழி சன்னலும் கதவும் மட்டுமே.

அந்த வழியையும் அடைத்துவிடும் பழக்கம் அண்மைக் காலத்தில் பெருகியிருப்பது அதிகம் கவனிக்கப்படாத செய்தி. கொசுவுக்கு அஞ்சிச் சன்னல்தோறும் பொருத்தப்படும் வலை, துருப்பிடிக்காத எஃகு அல்லது அலுமினியக் கம்பியால் நெய்யப்பட்டதாக இருந்தால், ஒரு மில்லிமீட்டர் அளவே உள்ள அதன் கண்கள் எந்தச் செல்பேசி அலையின் நீளத்தோடு ஒப்பிட்டாலும் மிகச் சிறியவை. ஆகவே காற்றையும் வெளிச்சத்தையும் விடும் அந்த வலை, அலைக்கு ஏறக்குறைய மூடிய பலகையாகிவிடுகிறது. நைலான் வலைக்கும் கண்ணாடியிழை வலைக்கும் இந்தக் குணம் இல்லை. அவை கொசுவை மட்டுமே தடுக்கும். வெயிலைத் திருப்பி அனுப்புவதற்காக உலோகப் பூச்சு பூசிய கண்ணாடியும் இப்படிப்பட்டதே: 3ஜிபிபியின் கணக்கில் சாதாரணக் கண்ணாடி 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையை மூன்று டெசிபலுக்கும் குறைவாகவே குறைக்க, பூச்சுக் கண்ணாடி ஏறத்தாழ 24 டெசிபல் குறைக்கிறது. முன்னது பாதி அலையை உள்ளே விடுகிறது. பின்னது இருநூற்றைம்பதில் ஒரு பங்கைத்தான் விடுகிறது. மொட்டை மாடியில் வெயிலுக்காகப் போடப்படும் உலோகத் தகட்டுக் கூரை, சுவரோடு ஒட்டி நிறுத்திய இரும்புப் பீரோ, குளிர்பதனப் பெட்டி ஆகியவையும் தத்தம் பின்புறத்தில் அலைநிழலை உண்டாக்குகின்றன. கட்டிலின் தலைமாட்டில் பீரோ நிற்கும் அறையில் இரவெல்லாம் அழைப்பு வராமல் போவதற்கு அந்தப் பீரோவே காரணமாக இருக்கக்கூடும். அதை எதிர்ச்சுவருக்கு நகர்த்துவதற்குச் செலவு எதுவுமில்லை.

வீட்டுக்குள் நுழைந்த அலையும் ஒரே சீராகப் பரவுவதில்லை. சுவர், தரை, விட்டம் எனப் பல பரப்புகளில் பட்டுத் திரும்பும் அலைகள் சில இடங்களில் ஒன்றையொன்று வலுப்படுத்தியும், சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் நிற்கின்றன. வலுவான இடத்துக்கும் வறண்ட இடத்துக்கும் இடையே உள்ள தொலைவு அரை அலைநீளத்துக்கு உட்பட்டதாகவே இருக்கலாம். 1800 மெகாஹெர்ட்ஸ் அலையில் அது எட்டு சென்டிமீட்டர், அதாவது ஒரு சாண்கூட இல்லை. சன்னல் திட்டின் ஒரு மூலையில் வைத்தால் மணியடிக்கும் செல்பேசி, மறு மூலைக்கு நகர்ந்தால் அடங்கிவிடுவதாக வீட்டுப் பெண்கள் கண்டு சொல்வது வெறும் எண்ணம் அன்று. இயற்பியல் அதை அப்படியே ஒப்புக்கொள்கிறது.

கோடுகள் நிறையத் தெரிந்தும் பேச்சு சரியாக நடவாமைக்குக் காரணம் வேறு. உரையாடல் இருவழிப்பட்டது, கோபுரத்தின் அலைபரப்பி பத்துக்கணக்கான வாட் திறனோடு பேச, கையிலிருக்கும் 4ஜி கருவி அதிகபட்சம் 0.2 வாட் அளவிலேயே பதில் சொல்ல முடியும். திரையில் தெரியும் கோடுகள் கோபுரத்தின் குரல் செல்பேசிக்கு எவ்வளவு கேட்கிறது என்பதையே காட்டுகின்றன. செல்பேசியின் குரல் கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அவை காட்டுவதில்லை. எதிர்முனையில் இருப்பவர் பேசுவது தெளிவாகக் கேட்டுக்கொண்டிருக்க, அவரோ ‘ஹலோ, ஹலோ, கேட்கவில்லை’ என்று கூவிக்கொண்டிருப்பதன் காரணம் பல நேரங்களில் இதுவே. உயரமான அடுக்குமாடிகளின் மேல்தளங்களில் நிலைமை மாறுபடுகிறது: கோபுரங்களின் அலைபரப்பிகள் தரையை நோக்கிச் சாய்த்து வைக்கப்படுவதாலும், தடையற்ற உயரத்தில் தொலைவிலுள்ள பல கோபுரங்களின் அலைகளும் ஒருசேர வந்து மோதுவதாலும், அங்கே வலிமை இருந்தும் தெளிவு இருப்பதில்லை. திருவிழாக் கூட்டத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் உரக்கப் பேசினால் ஒருவர் சொல்வதும் விளங்காததைப் போன்றது இது.

குரல் எட்டவில்லை என்று அறிந்த செல்பேசி தன் திறனை உச்சத்துக்கு உயர்த்திக்கொள்கிறது. மின்கலம் விரைவில் தீர்வதற்கும் கருவி சூடேறுவதற்கும் அது ஒரு காரணம். கதிர்வீச்சைப் பற்றிய அச்சத்தோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். கோபுரங்கள் வெளியிடும் அலைக்குப் பன்னாட்டு வரம்பில் பத்தில் ஒரு பங்கை 2012 செப்டம்பர் முதல் இந்தியா தன் வரம்பாக வைத்தது. தம் பகுதிக் கோபுரத்தைப் பற்றிய விவரத்தை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ‘தரங் சஞ்சார்’ தளத்தில் எவரும் பார்க்கலாம், கட்டணம் செலுத்தி வீட்டிலேயே அளந்து காட்டுமாறும் கேட்கலாம். தெருவில் கோபுரம் அமைவதை எதிர்த்து அதைத் தொலைவுக்குத் துரத்திவிட்ட குடியிருப்பில், ஒவ்வொருவர் காதோடும் ஒட்டியிருக்கும் செல்பேசி கூடுதல் திறனோடு இயங்க நேர்கிறது என்பதை எதிர்ப்பவர்கள் எண்ணிப் பார்ப்பதில்லை. அருகில் கோபுரம் இருந்தால் அதே கருவி தன் உச்சத் திறனில் மிகச் சிறு பகுதியோடு பேசி முடித்துவிடும்.

இனிச் செய்யத்தக்கவற்றைப் பார்க்கலாம். எதையும் வாங்குவதற்கு முன் அளந்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டு செல்பேசிகளில் அமைப்புப் பகுதியில் கருவியைப் பற்றிய பக்கத்துக்குள் சிம் நிலையைத் திறந்தால் டிபிஎம் எண் தெரியும். ஐபோனில் *3001#12345#* என்று எண்ணை அழுத்தி அழைத்தால் சோதனைப் பக்கம் திறக்கும். மொட்டை மாடி, வாசல், கூடம், ஒவ்வோர் அறை எனச் சில நிமிடங்கள் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டால், வீட்டின் எந்தச் சுவர் எவ்வளவு குறைக்கிறது என்பது தெரிந்துவிடும். மாடியிலேயே −110 என்று இருந்தால் குறை உண்மையிலேயே கோபுரத்தினுடையது. நிறுவனத்திடம் 198 என்ற எண்ணில் முறையிட்டுப் புகார் எண்ணைப் பெற்றுக்கொள்வதும், தீர்வு கிட்டாவிட்டால் அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்வதும் முறை. மாடியில் −80, கூடத்தில் −115 என்றால் புகாரால் பயன் விளைவது அரிது.

சிறிய மாற்றங்கள் சில நேரங்களில் போதுமானவை ஆகின்றன. செல்பேசியில் வோல்ட்டி, அதாவது 4ஜி வழியே குரலை அனுப்பும் வசதி, அணைந்து கிடந்தால் அதை இயக்க வேண்டும். வீட்டின் எல்லையில் 5ஜி வருவதும் போவதுமாக ஊசலாடினால், வீட்டிலிருக்கும்போது 4ஜியை மட்டும் தேர்ந்து வைப்பதால் பேச்சும் நிலைக்கும், மின்கலமும் நீடிக்கும். உலோகத் தகடு பதித்த உறையைக் கழற்றிப் பார்க்கலாம். ஆனால் இவற்றினும் பயன்மிக்கது வேறு நிறுவனத்தின் சிம்மைச் சோதித்துப் பார்ப்பது. விருந்தினரின் செல்பேசியையோ, குறைந்த தொகைக்கு வாங்கிய புதிய சிம்மையோ கொண்டு எல்லா அறைகளிலும் சில நாள் பேசிப் பார்த்த பிறகே பழைய எண்ணை மாற்ற வேண்டும். எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி 2011 சனவரி முதல் நாடு முழுவதும் இருக்கிறது; அண்டை வீட்டார் சொன்னார் என்பதற்காக மாறுவது சரியன்று, ஏனெனில் அண்டை வீட்டின் சுவரும் சன்னலும் வேறு திசையைப் பார்த்தவை.

இந்தக் கட்டத்தில் பலரும் தேடிச் செல்வது ‘பூஸ்டர்’ எனப்படும் அலைபெருக்கியை. மாடியில் ஓர் ஆண்டெனா, உள்ளே ஓர் ஆண்டெனா, நடுவில் ஒரு பெருக்கி என்ற இந்த அமைப்பு, இணையக் கடைகளில் சில ஆயிரம் ரூபாய்க்குத் தாராளமாகக் காட்டப்படுகிறது. ஆனால் உரிமம் பெற்ற தொலைத்தொடர்பு நிறுவனத்தைத் தவிர வேறு எவரும் இதை வாங்குவதோ, விற்பதோ, பொருத்துவதோ இந்தியாவில் சட்டவிரோதம் என்று தொலைத்தொடர்புத் துறை 2022 சூலையில் தெளிவாக அறிவித்தது. இதன் வேர் பழையது. உரிமமின்றிக் கம்பியில்லாக் கருவியை வைத்திருக்கக் கூடாது என்ற விதி 1933ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இடம்பெற்றது. தடைக்கு நியாயமான காரணமும் உண்டு. மேடையில் மைக்கை ஒலிபெருக்கியின் முன் கொண்டுபோனால் கீச்சென்று ஓர் ஓலம் எழுவதைப் போல, உள் ஆண்டெனாவின் அலை வெளி ஆண்டெனாவுக்குத் திரும்பிச் சென்றால் பெருக்கி ஓயாமல் அலறத் தொடங்கும். அந்த அலறல் காதுக்குக் கேட்காது, ஆனால் கோபுரத்தின் செவியை அடைத்துவிடும். ஒரு வீட்டில் பொருத்திய மலிவான கருவி ஒரு தெருவின் அழைப்புகளையே கெடுக்கக்கூடும் என்பதும், கெடுகிறவற்றுள் ஆம்புலன்சுக்கான அழைப்பும் இருக்கலாம் என்பதும் விளம்பரங்களில் இருப்பதில்லை. அமெரிக்கா 2013இலும் பிரிட்டன் 2018இலும் வகுத்த விதிகள், இத்தகைய அலறலைத் தானே உணர்ந்து அடங்கும் தரமுள்ள கருவிகளுக்கு மட்டும் இடம் கொடுத்திருக்கின்றன. அங்கே வாழும் உறவினர் பயன்படுத்துகிறார் என்பது இங்கே பொருத்துவதற்கு நியாயமாகாது. செல்பேசியின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும் ஆண்டெனா ஒட்டிகளைப் பொறுத்தவரை, அவற்றால் எந்தப் பயனும் இல்லை.

சுவரைத் துளைக்க முயல்வதை விட்டு, கம்பி வழியே வீட்டுக்குள் ஏற்கெனவே வந்துவிட்ட இணையத்தைப் பயன்படுத்திக்கொள்வதே இன்றைய நிலையில் சிறந்த தீர்வு. வைஃபை அழைப்பு எனப்படும் வசதியில், செல்பேசி கோபுரத்தைத் தேடாமல் வீட்டு வைஃபை வழியே தன் நிறுவனத்தின் மையத்தோடு பாதுகாக்கப்பட்ட தனி இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. எண் அதே எண், அழைக்கும் முறையும் அதே முறை, எதிர்முனையில் இருப்பவருக்கு வேறுபாடு தெரிவதில்லை. வாட்ஸ்அப் அழைப்போடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது: வாட்ஸ்அப்பில் பேச இருவரிடமும் அந்தச் செயலி இருக்க வேண்டும், வங்கியின் அழைப்போ ஓடிபி குறுஞ்செய்தியோ அதில் வந்துவிடாது, வைஃபை அழைப்பிலோ தரைவழித் தொலைபேசிக்கும் பேசலாம், குறுஞ்செய்தியும் பொதுவாக அதே வழியில் வந்துசேரும். இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரில் தில்லிப் பகுதியிலும், ஜியோ 2020 சனவரியிலும் இதைத் தொடங்கின. உள்நாட்டு அழைப்புக்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆறு ஆண்டுகளாகியும் எத்தனையோ வீடுகளில் இதை இயக்காமலேயே சன்னலோரம் ஓடிக்கொண்டிருக்கிறார்கள் என்பது வருத்தத்துக்குரியது, ஏனெனில் தேவைப்படுவது செல்பேசியின் அமைப்புப் பகுதியில், சிம் அல்லது அழைப்பு என்ற தலைப்பின் கீழ் இருக்கும் ஒரு விசையை நகர்த்துவது மட்டுமே. விசையை இயக்கிய பின்னும் கருவி தேய்ந்த கோபுர அலையையே பற்றிக்கொண்டு தொங்கினால், விமானப் பயணத்துக்கான நிலைக்கு மாற்றி, வைஃபையை மட்டும் மறுபடி இயக்கும்போது பல கருவிகள் வைஃபை அழைப்புக்கு வந்துவிடுகின்றன.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லியாக வேண்டும். பழைய தரைவழித் தொலைபேசிக்கு மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்தே கம்பி வழியாக வந்ததால் ஊரே இருண்டாலும் அது பேசியது. வைஃபை அழைப்போ வீட்டில் மின்சாரம் போனதும் ரௌட்டரோடு சேர்ந்து நின்றுவிடும். ஆகவே ரௌட்டரை இன்வெர்ட்டர் இணைப்பில் சேர்ப்பதோ, அதற்கென்றே விற்கப்படும் சிறிய மின்கலப் பெட்டியைப் பொருத்துவதோ, முதியவர் தனித்திருக்கும் வீட்டில் கட்டாயம் என்றே கொள்ள வேண்டும். அடுத்து, 112 என்ற அவசர எண்ணுக்கு வைஃபை வழியே பேசும்போது அழைப்பவர் இருக்கும் இடம் தானாகத் தெரியும் என்று நம்பியிராமல், முகவரியை வாய்விட்டுச் சொல்லும் பழக்கத்தை வீட்டில் உள்ளவர்களுக்குச் சொல்லி வைப்பது நல்லது.

வைஃபையும் வானலைதான் என்பதால், கோபுர அலையைத் தடுத்த அதே சுவர் அதையும் தடுக்கும். தொலைக்காட்சிக்குப் பின்னாலோ, பரணிலோ, பீரோவின் மறைவிலோ ரௌட்டரை ஒளித்து வைத்துவிட்டுப் படுக்கையறையில் பேச்சு உடைகிறது என்று நொந்துகொள்வதில் பயனில்லை. வீட்டின் நடுவில், தலைமட்டத்துக்குச் சற்று மேலே, திறந்த இடத்தில் அது இருக்க வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை 5 கிகாஹெர்ட்ஸைவிடச் சுவர்களை நன்றாகக் கடக்கும். குரலுக்குத் தேவையான வேகம் மிகக் குறைவு என்பதால் தொலைவான அறைகளில் 2.4ஐத் தேர்வதே பொருத்தம். மாடி வீட்டில் தளத்தின் கம்பியும் கான்கிரீட்டும் குறுக்கிடுவதால், மேல்தளத்துக்கு ஒரு கேபிளை இழுத்து அங்கே இரண்டாவது வைஃபை கருவியை வைப்பதற்கு ஈடான வழி வேறில்லை. கண்ணாடியிழை இணைப்பு எட்டாத ஊர்களில், 2023 முதல் நிறுவனங்கள் வழங்கும் ஏர்ஃபைபர் போன்ற சேவைகள் உதவக்கூடும்; அவற்றுள் மொட்டை மாடியில் வெளிக்கருவி பொருத்தும் வகையில், அந்தக் கருவி 5ஜி அலையைத் திறந்தவெளியிலேயே பிடித்துக் கேபிள் வழியே உள்ளே இறக்கி, அங்கே வைஃபையாகப் பரப்புகிறது. பூஸ்டர் செய்ய முயன்ற அதே வேலையை இது சட்டப்படியும், அண்டை வீட்டாருக்கு இடையூறு இல்லாமலும் செய்து முடிக்கிறது.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் தனி வீட்டுக்காரரால் ஆகக்கூடியது குறைவு. கட்டடத்தின் ஒவ்வொரு தளத்திலும் சிறு ஆண்டெனாக்களைப் பொருத்திக் கேபிளால் இணைக்கும் உள்ளமைப்பை நிறுவனங்களே செய்து தர முடியும். ஒரு வீடு கேட்டால் வராதவர்கள், குடியிருப்போர் சங்கம் எல்லா வீடுகளின் அளவீடுகளோடும் எழுத்தில் கேட்டால் வந்து பார்க்கும் வாய்ப்பு அதிகம். மின்தூக்கி, வாகன நிறுத்தம், அடித்தளம் ஆகிய இடங்களை அந்தக் கடிதத்தில் முதலில் குறிப்பிட வேண்டும், ஏனெனில் ஒருவர் மயங்கி விழுந்தால் உதவிக்கு அழைக்க முடியாத இடங்கள் அவையே. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய், கட்டடங்களை அவற்றின் இணைப்பு வசதிக்கு ஏற்ப நட்சத்திரக் குறியிட்டுத் தரப்படுத்தும் ஒழுங்குமுறையை 2024 அக்டோபரில் வெளியிட்டது. தண்ணீர், மின்சாரம், வாகன நிறுத்தம் பற்றியெல்லாம் கேட்டு வீடு வாங்குபவர், இந்தத் தரத்தையும் கேட்கத் தொடங்கினால்தான் கட்டுநர்கள் அதைப் பொருட்படுத்துவார்கள். வீட்டைப் பார்க்கப் போகும் நாளிலேயே எல்லாக் கதவுகளையும் சாத்தி, உள்ளறையில் நின்று ஓர் அழைப்பு பேசிப் பார்ப்பதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.

புதிதாக வீடு கட்டுபவருக்கு இவை எல்லாவற்றிலும் எளிய வழி ஒன்று இருக்கிறது. தளத்துக்குக் கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போடுவதற்கு முந்தைய நாள், மின்பணியாளர் விளக்குக்கும் மின்விசிறிக்குமான குழாய்களைக் கம்பிகளின் இடையே பதிப்பார். அப்போது தெருப்பக்கச் சுவரிலிருந்து கூடத்துக்கு ஒன்று, கூடத்திலிருந்து ஒவ்வொரு தளத்தின் நடுவுக்கும் ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று எனக் காலிக் குழாய்களைக் கூடுதலாகப் பதிக்கச் சொல்லி, மின்கம்பி செல்லும் குழாயிலிருந்து அவற்றைத் தனியே பிரித்து, உள்ளே ஓர் இழுகயிற்றையும் விட்டுவைக்கச் சொல்ல வேண்டும். ரௌட்டர் வரப்போகும் இடத்தில், தலைக்கு மேல் உயரத்தில், ஒரு மின்இணைப்புப் புள்ளியும் வேண்டும். அதற்கு ஆகும் செலவு சில நீளம் பிளாஸ்டிக் குழாயும் அரைநாள் கூலியும்தான். மறுநாள் கான்கிரீட் இறுகிவிட்டால் அதே வேலைக்குப் பூசிய சுவரை உடைக்க வேண்டியிருக்கும்.